கித்தாக்காட்டில் போட்ட தடம்

கெடா தோட்டங்களில் வழி என்றால் மூன்று வகை. லாரி போகும் செம்மண் சடக்கு ஒன்று. லயத்திலிருந்து கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கள்ளுக்கடைக்கும் போகிற சைக்கிள் பாதை இன்னொன்று. மூன்றாவது, நிரைக்குள் ஓடும் தடம். இதை வழி என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பால்வெட்டுத் தொழிலாளி இருட்டோடு பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினால் நானூறு, ஐந்நூறு மரத்தைப் பார்த்தாக வேண்டும். குனிந்து வெட்டி, மங்கைச் சரிபார்த்து வைத்து, அடுத்த மரம். வெயில் ஏறியபிறகு அதே வழியில் வாளியோடு இன்னொரு சுற்று. ஒரே ஆள் ஒரே நிரையில் வருடக்கணக்காக நடந்தால் மண் தானாக இறுகிப்போகும். மழைநாளில் எந்த இடத்தில் கால் வைத்தால் வழுக்காது, அல்லூரை எங்கே தாண்டலாம், காண்டா கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு எந்தச் சரிவில் இறங்கலாம் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட தடம் அது.

அதைப் பராமரித்ததும் அவர்களேதான். வெளிக்காட்டு வேலைக்காரர்கள் லாலான் புல்லை வெட்டுவார்கள். அது கூலிக்குச் செய்யும் வேலை. ஆனால் மேட்டில் மம்பட்டியால் நாலு படி வெட்டுவதும், அல்லூரின் மேல் ஒரு கட்டையைக் கிடத்துவதும், விழுந்த கிளையை இழுத்து ஓரமாகப் போடுவதும் அந்த நிரைக்காரரின் பாடு. செக்ரோலில் அதற்கு இடம் கிடையாது. யாரு போட்ட பாதைன்னு கேட்டால், யாரும் போடல, நடந்து நடந்து ஆனதுதான் என்று பதில் வரும். இன்றைக்கு இதே வேலையைச் செய்கிறவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர். ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் மம்பட்டியோடு மலையேறுகிறார்கள். அவர்களைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் பாதி அவர்களைப் பற்றியதுதான்.

தொண்டர் என்ற சொல்லுக்குக் கெடாவில் தனியாக ஒரு வரலாறு உண்டு. போர் முடிந்த கையோடு, 1946–47-இல், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படை உருவானது. மையம் ஹார்வர்ட் தோட்டம், தலைவர் ஏ. எம். சாமி. ஜப்பானியர் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தார்கள். முதல் எதிரி கள்ளு. கூலி வாங்கின கையோடு கள்ளுக்கடைப் பாதையில் இறங்குகிறவர்களை மறித்தார்கள். சைக்கிள் பாதையை வைத்துப் பார்த்தால், எந்தப் பாதையில் யார் போகலாம் என்று கெடாத் தோட்டத் தொழிலாளர்கள் தாங்களே தீர்மானிக்க முயன்ற முதல் சந்தர்ப்பம் இது என்பேன். 1947 பிப்ரவரி இறுதியில் மறியல் போலீஸ் மோதலாகி ஒரு தொழிலாளி இறந்தார். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்துக்குள் போலீஸ் புகுந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கைதுசெய்தது. ஏப்ரலில் கூலிம் பக்கம் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச்சூடு. அங்கேயும் ஓர் உயிர் போனது. படை நொறுங்கியது.

அந்த மோதல்களுக்குக் கள்ளு, கூலி, தொழிற்சங்கம் என்று பல காரணங்கள் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாதாரண விஷயம் இருந்தது: தோட்டத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு அடி மண்ணும் கம்பெனிக்குச் சொந்தம். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். சங்கத்துக்காரர் லயத்துக்கு வந்து பேசவேண்டுமென்றாலும் துரையின் அனுமதி வேண்டும். லயத்தில் பிறந்து அங்கேயே தலை நரைத்தவருக்கும், தன் வீட்டு வாசலிலிருந்து கோயில் வரைக்கும் நடப்பது உரிமை கிடையாது, சலுகை.

இதே ஆங்கிலேயர்கள் தங்கள் ஊரில் வேறு விதமாக நடந்துகொண்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். இங்கிலாந்தில் 1932-இல் பாதை உரிமைச் சட்டம் ஒன்று வந்தது. ஒரு வழியில் பொதுமக்கள் இருபது ஆண்டுகள் தடையில்லாமல் நடந்திருந்தால், நிலச் சொந்தக்காரர் அதைப் பொதுப்பாதையாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே கொள்ளலாம். அதே ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் சில நூறு பேர், பெரும்பாலும் தொழிலாளிகள், கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். வேட்டைக்காகப் பூட்டிவைத்த நிலம் அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் வந்த சட்டம் ஒவ்வொரு வட்டாரமும் தன் நடைபாதைகளை வரைபடத்தில் குறித்துப் பதிந்துவைக்க வேண்டும் என்றது. ஆக, அங்கே கால் நடந்தது சாட்சி. வரைபடம் அதற்கு ரசீது.

இங்கே அப்படி ஒரு வாசல் இல்லை. நம்முடைய 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, எத்தனை வருடம் நடந்தாலும் அந்த நடையை வைத்து அடுத்தவர் நிலத்தில் வழியுரிமை கேட்க முடியாது. பதிவில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வக்கீல்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: பால்வெட்டுத் தொழிலாளி முதலாளியின் அனுமதியோடு நடந்தவர், ஆகவே இங்கிலாந்துச் சட்டப்படியும் அது செல்லாது என்று. சரிதான். சம்பளத்துக்காக நடந்த நடையை எந்த ஊர்ச் சட்டமும் நடையாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரே ஒரு முறை கெடாவில் காலும் பதிவும் ஒரே கையில் சேர்ந்தன. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்ற சொல் அப்போது ஒவ்வொரு லயத்திலும் பயத்தோடு பேசப்பட்டது. வேலை போகும், லயம் போகும். அதற்குப் பதிலாக 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பங்குப் பணத்தில் அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். அந்தத் தோட்டத்து நிரையில் நடந்தவர், கூட்டுறவின் உறுப்பினராக, தான் மிதிக்கிற மண்ணில் ஒரு பங்கு தனக்கும் உண்டு என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தவர்கள் மிகச் சிலர். மற்ற இடங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பால்வெட்டு மாதிரி தினமும் மிதிக்கிற நிரைத்தடம் தேவையில்லை.  பிறகு தாமான்கள் வந்தன, தொழிற்பேட்டைகள் வந்தன. சுங்கை பட்டாணியிலிருந்து பாடாங் செராய் வரைக்கும் இன்று வீடமைப்புப் பகுதிகளின் பெயரில் மட்டும் பல தோட்டங்கள் மிச்சம்.

பதிவில் இல்லாதது எப்படிப் போகும் என்பதற்குக் கெடாவில் நடந்த மோசமான உதாரணம் நடைபாதை சம்பந்தப்பட்டது அல்ல, ஆனால் பக்கத்து வீட்டு விஷயம். பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. 1025-இல் ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். 1930-களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் அங்கே தோண்டி முப்பது இடங்களுக்கு எண் போட்டார்கள். அவற்றில் எட்டாவது, புக்கிட் பத்து பஹாட் கோயில். அதை 1958-க்குப் பிறகு அலஸ்டேர் லாம்ப் இருந்த இடத்திலேயே எடுத்துக் கட்டினார். மெர்போக் அருங்காட்சியகத்தின் பின்னால், ஓடையோரம் மேடேறிப் போனால் இன்றும் பார்க்கலாம். வேறு சில கோயில் அடித்தளங்களைத் தங்கள் இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அதே மேட்டில் வரிசையாக வைத்தார்கள். பார்க்க வசதி. ஆனால் ஆற்றங்கரையில் இருந்தது, வயலில் இருந்தது எல்லாம் ஒரே குன்றில் அடுத்தடுத்து வந்துவிட்டதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அந்தக் காலத்து மனிதர் எப்படிப் போயிருப்பார் என்ற கேள்வியே பார்வையாளருக்கு எழாமல் போகிறது. எனக்கு இது நல்ல ஏற்பாடாகத் தோன்றியதே இல்லை.

பதினோராவது எண் கொண்ட கோயிலுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. சுங்கை பத்து பகுதியில் தனியார் நிலத்தில் கிடந்தது. 2013-இல் வீடமைப்பு வேலைக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அதன் அடித்தளம் இடிக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில் செய்தி வெளியே வந்தது. வெளியே கொண்டுவந்தவர்கள் அரசுத் துறையினர் அல்லர். டத்தோ வீ. நடராஜன் தலைமையில் இயங்கிய பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தினரும், அப்போது பினாங்கு துணை முதல்வராக இருந்த பேராசிரியர் பி. இராமசாமியும்தான் பேசினார்கள். காட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் தேடி நடந்து பழைய கற்களைப் பார்த்து வருகிற ஆர்வலர்கள் இல்லாவிட்டால், இடித்தது தெரியவே வருடங்கள் ஆகியிருக்கும். அரசாங்கம் சொன்ன காரணம் சுருக்கமானது. அந்த இடம் 2005-ஆம் ஆண்டு பாரம்பரியச் சட்டத்தின்கீழ் அரசிதழில் பதியப்படவில்லை. அறிஞர்களின் நூல்களில் எழுபது வருடமாக எண் போட்டு இருந்தது; அரசிதழில் இல்லை.

அரசிதழில் இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, கெடாவை விட்டுக் கோலாலம்பூருக்கு, புக்கிட் கியாராவுக்குப் போக வேண்டும். அதுவும் கித்தாத் தோட்டம்தான். தோட்டத்து நிலத்தை அரசாங்கம் பொதுத் தேவைக்கென்று கையகப்படுத்தியது. கோல்ஃப் மைதானம், குதிரையேற்ற மன்றம், இடுகாடு என்று பல துண்டுகள் போயின. மிச்சமான குன்றில் பால்வெட்டு நின்றது. மரங்கள் அப்படியே நின்றன. வெட்டாத கித்தா மரங்களுக்கு இடையில் காட்டு மரமும் கொடியும் ஏறின.

தொண்ணூறுகளில் அந்தக் குன்றுக்குள் நடையர்களும் மலைச் சைக்கிள்காரர்களும் இறங்கினார்கள். சம்பளமில்லாமல் தடம் போட்டார்கள். பிறகு புக்கிட் கியாரா நண்பர்கள் என்றும், கோலாலம்பூர்–சிலாங்கூர் தடங்களுக்கான சங்கமான ட்ராக்ஸ் என்றும் அமைப்பாகச் சேர்ந்தார்கள். மரம் நட்டார்கள், விழுந்ததை அறுத்தார்கள், வரைபடம் போட்டார்கள்.

தடம் பார்க்கிற வேலை வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பொழுதுபோக்கு மாதிரி இருக்கும். நம் ஊர் மழைக்கு அது ஓயாத வேலை. தடத்தின் எதிரி மனிதன் கால் இல்லை, தண்ணீர். குன்றின் மேலிருந்து நேராகக் கீழே இறங்குகிற பாதையைப் போட்டால் முதல் மழைக்காலத்திலேயே அது ஓடையாகிவிடும். அதனால் சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டே இறங்க வேண்டும். தடத்தின் தளம் வெளிப்பக்கம், பள்ளத்தைப் பார்த்து, லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தடத்தின் மேல் ஓடாமல் குறுக்கே வடிந்து போகும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தடம் இறங்கி ஏற வேண்டும்; அந்தத் தாழ்வில் தண்ணீர் வெளியேறும். இலைச்சருகு சேர்ந்து அந்த வாய் அடைத்துக்கொண்டால் எல்லாம் வீண். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் யாராவது போய் மம்பட்டியால் அதைத் திறந்துவிட வேண்டும். மேட்டுநிலத் தோட்டங்களில் கித்தாவைக் குன்றைச் சுற்றி வளையம் வளையமாகப் படி வெட்டி நட்டதும் இதே தண்ணீருக்குப் பயந்துதான். வெட்டியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

தன்னார்வலர்களுக்கு அரசாங்கத்தோடு சுமுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தேசிய நிலவடிவமைப்புத் துறை குன்றைச் சுற்றி வேலி போட வந்தபோது, வேலிக்காக இயந்திரம் வெட்டிய வழியில் கையால் போட்ட தடங்கள் சில அழிந்தன. மக்களுக்கான பூங்காவாக்கத்தான் அந்த வேலி என்றார்கள். மக்கள் ஏற்கனவே உள்ளே இருந்தார்கள்.

பெரிய சண்டை 2017-இல் அடிவாரத்தில் வந்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி, குன்றுக்கு ஏறும் வாசலாக இருப்பது தாமான் ரிம்பா கியாரா. ஏறக்குறைய 25 ஏக்கர். அதில் 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரையுள்ள எட்டுக் கோபுரங்களும், 350 வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்றும் கட்ட அந்த ஆண்டு ஜூலையில் மாநகராட்சி மன்றம் அனுமதி கொடுத்தது. குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்தது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

தீர்ப்பு எதன்மேல் நின்றது என்று பார்த்தால் கெடாக்காரனுக்குப் பெருமூச்சு வரும். கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020 என்ற ஆவணம் 2004-இல் அரசிதழில் வெளியானது. அதில் அந்த நிலம் பொதுத் திறந்தவெளி. டத்தோ பண்டார் அந்தத் திட்டத்தை விட்டு விலகுவதாக இருந்தால் காரணம் காட்ட வேண்டும், தம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். நிலத்தை வைத்திருந்த யாயாசான் விலாயா பெர்செகுத்துவான் அறவாரியத்தில் டத்தோ பண்டாரே பொறுப்பிலும் இருந்தார் என்ற முரணும் பேசப்பட்டது. பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குக் கேள்வி கேட்கிற தகுதி உண்டு என்பதும் நிலைநாட்டப்பட்டது. நடந்த கால்களை நீதிமன்றம் எண்ணவில்லை. அரசிதழில் இருந்த தாள்தான் குன்றின் வாசலைக் காப்பாற்றியது. ஆனால் அந்தத் தாளை நீதிமன்றம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர்கள் அங்கே தினமும் நடந்தவர்கள். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்று அங்கே தூண் எழும்பியிருக்கும். சுங்கை பத்தில் ஆர்வலர்கள் இருந்தார்கள், தாள் இல்லை.

இதுவரைக்கும் சொன்னது தன்னார்வலர்களின் வெற்றி. அந்த 350 வீடு யாருக்கு என்பதை இன்னும் சொல்லவில்லை.

தோட்டம் கைமாறியபோது அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை, பெரும்பாலும் தமிழர்களை, 1982-இல் அடிவாரத்தில் ரூமா பாஞ்சாங் எனப்படும் வரிசை வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான். நிரந்தர வீடு வரும் என்று வாக்குறுதி. ஏறக்குறைய நூறு குடும்பங்கள். தகரமும் பலகையுமாக இருந்த அந்த வரிசையில் பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகள் பிறந்து, ஒரு வீடு இரண்டு மூன்று குடும்பமானது. 2017-இல் அவர்களிடம் வந்து சேர்ந்த முதல் உருப்படியான வாக்குறுதி, அந்த 29 மாடிக் கட்டடம். எட்டுக் கோபுரம் கட்டினால் ஒன்பதாவது உங்களுக்கு. அதனால் பலர் திட்டத்தை ஆதரித்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? பூங்காவை வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், வீடு வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம் என்று பத்திரிகைகளில் படம் வந்தது. அந்தக் குன்றில் இன்று நடக்கிறவர்களும் நேற்று நடந்தவர்களும் எதிர் எதிரே நிறுத்தப்பட்டார்கள்.

குடியிருப்பாளர் சங்கத்தினர் நீள்வீட்டுக்காரர்களை மறந்துவிட்டார்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் வீடுகள் இருக்கும் இடத்திலேயே கோபுரங்கள் இல்லாமல் வீடு கட்டித்தரலாம் என்று அவர்களும் பேசினார்கள். பூங்காவையும் தொழிலாளி வீட்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது திட்டம் போட்டவர்கள். என் வாசிப்பில் அதுதான் இந்த வழக்கின் மையம், தீர்ப்பில் அது மையமாக வர முடியாவிட்டாலும். கட்டமைப்புத் திட்டத்தில் திறந்தவெளிக்கு ஒரு நிறம் இருந்தது. 1982-இன் வாக்குறுதிக்கு எந்த நிறமும் இல்லை. கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளில் அந்தக் குடும்பங்கள் அதே தற்காலிக வீடுகளில் நாற்பத்தோராவது வருடத்தில் இருந்தன.

கெடாவில் இப்போது மெர்போக்கையும் சுங்கை பத்துவையும் யானையும் இணைத்து நடைபாதை போடலாம், ஜெராய் மலையடிவாரத்துத் தோட்டப் பாதைகளைச் சுற்றுலாவுக்குத் திறக்கலாம் என்றெல்லாம் நண்பர்கள் பேசும்போது நான் இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். எந்த ஆவணத்தில் அது பதியப்படும்? அந்தப் பாதையோரத்தில் இன்னும் லயத்தில் இருக்கிறவர்கள் பெயர் அந்த ஆவணத்தில் எங்கே வரும்? பேச்சு அதோடு மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

கியாராவில் நடக்கப் போகிறவர்கள் தடத்தோரத்துப் பழைய கித்தா மரங்களின் பட்டையைப் பார்க்கலாம். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழாகச் சாய்ந்து இறங்கும் கோடுகள் இருக்கும். பால் குழாய்கள் பட்டைக்குள் ஓடுகிற சாய்வுக்கு ஏற்ப வெட்டுவது அப்படித்தான். சில மரங்களில் பட்டை மூடி வளர்ந்திருக்கும். ஆழமாக வெட்டுப்பட்ட இடங்களில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். கைக்கு எட்டும் உயரம்தான்.